புதிய ஆலையிலிருந்து வரும் மின்காரில் எந்த செல்? ஊகங்களைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு நிறுவனம் புதிய மின்கார் ஆலையைத் திறக்கப்போகிறது என்றால், முதல் கார் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதற்குள் எந்த பேட்டரி செல் இருக்கும் என்ற ஊகம் தொடங்கிவிடும். ஆலை புதிது, ஆகவே செல்லும் புதிதாகத்தான் இருக்கும். செல் புதிது என்றால் தூரம் கூடும், விலை குறையும், சார்ஜ் விரைவாக ஏறும் என்று எதிர்பார்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். காருக்கு முன்பணம் கட்டியவர் இப்போதே எடுத்துக்கொள்வதா, இன்னும் ஆறு மாதம் பொறுப்பதா என்று தடுமாறுவார்.

இந்த ஊகங்களில் எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம், கார் கைக்கு வந்தபின் உள்ளே இருப்பதை எப்படி உறுதிசெய்யலாம் என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு டெஸ்லாவின் இரண்டு ஆலைகளை எடுத்துக்கொள்கிறேன்: ஜெர்மனியில் பெர்லினை அடுத்த கிரூன்ஹைடேயில் 2022 மார்ச் 22 அன்று திறக்கப்பட்டது ஒன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரை ஒட்டி 2022 ஏப்ரல் 7 அன்று திறக்கப்பட்டது மற்றொன்று. ஊகித்தவர்கள் எதிர்பார்த்தது என்ன, காருக்குள் கடைசியில் வந்து சேர்ந்தது என்ன என்ற இரண்டுமே இந்த இடங்களில் பதிவாகியிருக்கின்றன என்பதால் பயிற்சிக்கு இவை ஏற்றவை.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"புதிய செல் வருகிறதா?" என்பது பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. செல்லின் வடிவம் என்ன, அதன் வேதியியல் என்ன, அதைச் செய்தவர் யார், அது காரின் உடலோடு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஊகங்களில் பாதிக் குழப்பம் இவற்றை ஒன்றாகக் கலப்பதால் வருகிறது.

இந்த ஆலைகளில் எல்லோரும் எதிர்பார்த்தது டெஸ்லாவின் புதிய 4680 செல். 4680 என்ற பெயர் வடிவத்தை மட்டுமே சொல்கிறது: 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம் கொண்ட உருளை. அதற்கு முந்தைய 2170 என்பது 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அந்த உருளைக்குள் இருக்கும் கேத்தோடு, அதாவது நேர்மின்முனை, நிக்கல் மிகுந்ததாக இருக்கலாம், இரும்பு பாஸ்பேட்டாகவும் இருக்கலாம். பெயர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா எலக்ட்ரிக் தன் ஸ்கூட்டர்களுக்காகச் செய்யும் செல்லும் இதே 4680 அளவுதான் என்றாலும், அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே சரக்கு ஆகிவிடாது.

வாங்குபவரின் அன்றாட அனுபவத்தை அதிகம் மாற்றுவது வேதியியல். தினமும் எத்தனை சதவீதம் வரை சார்ஜ் ஏற்றலாம், குளிரில் எப்படி நடந்துகொள்ளும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவையெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஊகிப்பவர்களோ வடிவத்தைப் பற்றியே அதிகம் பேசுவார்கள், ஏனென்றால் படத்தில் பார்த்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அறிவிப்பில் வரும் சதவீதத்தை உடைத்துப் பாருங்கள்

2020 செப்டம்பர் 22 அன்று டெஸ்லா நடத்திய பேட்டரி நாள் நிகழ்வில் 4680 செல் அறிமுகமானது. செல் ஒன்றுக்கு ஐந்து மடங்கு ஆற்றல், ஆறு மடங்கு திறன், மொத்தத்தில் 54 சதவீதம் கூடுதல் தூரம், கிலோவாட் மணிக்கு 56 சதவீதம் குறைந்த செலவு என்ற எண்கள் அன்று மேடையில் வந்தன. அவை எதுவும் பொய் அல்ல. ஆனால் எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படிப் படித்தவர்கள் குறைவு.

முதலில் ஐந்து மடங்கை எடுத்துக்கொள்வோம். 46-ஐ 46-ஆலும் பிறகு 80-ஆலும் பெருக்கினால் 1,69,280 வரும். 21-ஐ 21-ஆலும் பிறகு 70-ஆலும் பெருக்கினால் 30,870 வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 5.5 கிடைக்கிறது. அதாவது புதிய செல்லின் கன அளவே பழையதைப் போல ஐந்தரை மடங்கு. ஐந்து மடங்கு ஆற்றல் என்பது பெரிய டப்பாவில் அதிகம் கொள்ளும் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. ஒரு லிட்டர் இடத்தில் முன்பைவிட அதிக ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்று அந்த எண்ணிலிருந்து முடிவு கட்ட முடியாது. செல் ஒன்றுக்கு என்று சொல்லப்படும் எந்த மடங்கையும் இப்படிக் கன அளவால் வகுத்துப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

அடுத்து அந்த 54 சதவீதம். அது ஐந்து பகுதிகளின் கூட்டுத்தொகை என்று அதே நிகழ்வில் காட்டப்பட்டது: செல் வடிவமைப்பால் 16, ஆனோடில், அதாவது எதிர்மின்முனையில், சிலிக்கானைப் புகுத்துவதால் 20, கேத்தோடு மாற்றத்தால் 4, செல்களைக் காரின் உடலோடு ஒன்றாக்குவதால் 14, ஆலைச் செயல்முறை மாற்றத்துக்குத் தூரத்தில் பங்கு எதுவும் இல்லை, அதன் பயன் செலவில் மட்டும். ஆகவே ஒரு குறிப்பிட்ட காரில் இவற்றுள் எவை எட்டியிருக்கின்றன என்று கேட்காமல் 54-ஐ அப்படியே அந்தக் காரின் தலையில் ஏற்றுவது தவறான கணக்கு. ஆஸ்டினிலிருந்து முதலில் வந்த 4680 செல்களைப் பிரித்துச் சோதித்தவர்கள் ஆனோடில் கிராஃபைட்டைத்தான் கண்டார்கள். சிலிக்கானின் 20 சதவீதம் அங்கே இல்லை. மேக்ஸ்வெல் நிறுவனத்தை 2019-இல் வாங்கியதன் மூலம் டெஸ்லாவுக்குக் கிடைத்த உலர் பூச்சு முறை, அதாவது கரைப்பான் இல்லாமல் மின்முனைகளைச் செய்யும் அந்தப் புகழ்பெற்ற முறை, அப்போது ஆனோடில் மட்டுமே பயன்பட்டது. கேத்தோடு பழைய ஈரப் பூச்சு முறையிலேயே செய்யப்பட்டது.

விளைவு என்ன? 4680 செல்லோடு ஆஸ்டினிலிருந்து வந்த மாடல் ஒய் காருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த தூரம் 279 மைல், அதாவது சுமார் 449 கிலோமீட்டர். அதே காலத்தில் 2170 செல்லோடு விற்ற நீண்டதூர மாடல் ஒய் காருக்கு 330 மைல், அதாவது சுமார் 531 கிலோமீட்டர். புதிய செல் உள்ள காரின் பேக், அதாவது செல்கள் அனைத்தையும் அடுக்கிய முழு பேட்டரி, சிறியது என்பதால் இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானது அல்ல. ஆனால் 54 சதவீதக் கூடுதலை எதிர்பார்த்து வரிசையில் நின்றவருக்கு அந்த நியாயம் எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

ஊகங்களைச் சோதிக்க என் அனுபவத்தில் மிகச் சிறந்த கருவி பெருக்கலும் வகுத்தலும்தான். ஒரு காருக்கு எத்தனை செல் வேண்டும், ஆலை ஆண்டுக்கு எத்தனை கார் செய்யப்போகிறது, உலகில் அந்த செல் இப்போது எத்தனை செய்யப்படுகிறது என்ற மூன்று எண்களைத் தேடி எடுத்தால் பெரும்பாலான வதந்திகள் அங்கேயே படுத்துவிடும்.

ஆஸ்டின் மாடல் ஒய் காரின் பேக்கில் 828 செல்கள் இருந்தன; ஒன்பது ஒன்பதாக இணைத்த 92 தொகுதிகள். கிரூன்ஹைடே ஆலைக்கு விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்ட முழுத் திறன் ஆண்டுக்கு 5 லட்சம் கார். அத்தனையும் 4680 செல்லில் ஓட வேண்டுமானால் ஆண்டுக்கு 41 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் தேவை. ஆலை திறப்பதற்கு முந்தைய மாதத்தில், 2022 பிப்ரவரியில், டெஸ்லா பெருமையோடு அறிவித்தது என்ன தெரியுமா? ஜனவரியில் 10 லட்சம் செல் என்ற மைல்கல்லை எட்டியதாக. 10 லட்சத்தை 828-ஆல் வகுத்தால் சுமார் 1,200 கார். இரண்டு ஆலைகள் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில், கைவசம் இருப்பது ஒரு நடுத்தர விற்பனையகத்தின் சில மாத விற்பனைக்குப் போதுமான சரக்கு. இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தவர் எவரும் பெர்லினின் முதல் கார்களில் 4680 இருக்கும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வாரத்தில் 8,68,000 செல்கள் செய்ததாகவும், அது ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் போதும் என்றும் நிறுவனம் சொன்னது. அந்த வேகத்தை ஆண்டு முழுவதும் தக்கவைத்தாலும் சுமார் 54,000 கார்தான். அதே மாதத்தில் கிரூன்ஹைடே ஆலை மட்டும் வாரத்துக்கு 3,000 மாடல் ஒய் கார்கள் என்ற வேகத்தை எட்டிவிட்டது. ஆகவே அந்தக் கார்களில் வேறு செல்தான் இருந்தாக வேண்டும், இருந்ததும் அதுதான்.

செல் ஆலைகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது "முதல் செல் வெளிவந்தது" என்ற வரிக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் கொடுக்கக் கூடாது. கார்த் துறையில் ஏ மாதிரி, பி மாதிரி, சி மாதிரி என்று படிகள் உண்டு: வேதியியல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏ, வடிவமைப்பு இறுதியாகிறதா என்று பார்க்க பி, உண்மையான உற்பத்தி வரிசையில் உண்மையான இயந்திரங்களால் செய்தது சி. கார் நிறுவனம் சி மாதிரியை ஏற்றுக்கொண்ட பிறகே காருக்குள் போடுவது பற்றிப் பேச முடியும், அதற்குப் பிறகும் தேறாத செல்களின் கழிவு விகிதத்தைக் குறைக்கும் போராட்டம் பாக்கி இருக்கும். சுவீடனின் ஷெலெஃப்டியோ நகரில் நார்த்வோல்ட் நிறுவனம் தன் முதல் செல்லை 2021 டிசம்பர் இறுதியில் செய்து காட்டியது. 2024-இல் பிஎம்டபிள்யூ அந்த நிறுவனத்தோடு போட்டிருந்த 200 கோடி யூரோ ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவால் மனு கொடுத்தது. முதல் செல்லுக்கும் லட்சமாவது காருக்கும் இடையே இவ்வளவு நடக்கலாம்.

யார் சொன்னார், தவறாகச் சொன்னால் அவருக்கு என்ன ஆகும்

ஒரு தகவலை எடைபோடும்போது அதைச் சொன்னவரின் பதவியைவிட, அது தவறாகப்போனால் அவருக்குச் சட்டப்படி ஏதாவது நேருமா என்று பார்ப்பது பயனுள்ளது. 2020 அக்டோபரில் ஈலான் மஸ்க், பெர்லின் ஆலையில் 4680 செல்லும் உடலோடு ஒன்றான பேக்கும் காரின் முன்பகுதியையும் பின்பகுதியையும் தனித்தனியே ஒரே துண்டாக வார்க்கும் முறையும் வரும் என்று எழுதினார். அதே மூச்சில், இத்தனை புதுமையை ஒரே இடத்தில் இறக்குவதால் உற்பத்தியில் கணிசமான இடர் உண்டு என்றும் எழுதினார். முதல் பாதியைத்தான் எல்லோரும் எடுத்துப் பரப்பினார்கள். 2021 அக்டோபர் 9 அன்று ஆலை வளாகத்தில் பொதுமக்களுக்காக நடந்த விழாவில் 4680 செல்கள் அடுக்கிய பேக் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டதும் ஊகம் உறுதியான செய்தியாகவே உலவத் தொடங்கியது. காட்சிப் பொருள் எதையும் உறுதியளிப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் 30 பேருக்குக் கார்கள் கையளிக்கப்பட்டபோது, அவற்றுக்குள் இருந்தவை பழைய 2170 செல்கள்.

நிறுவனத்தின் வாயைவிட அரசு ஆவணங்கள் நம்பகமானவை, ஏனென்றால் அங்கே தவறான தகவல் கொடுத்தால் காரை விற்கவே முடியாது. ஐரோப்பாவில் எந்தக் காரும் சாலைக்கு வருமுன் வகை ஒப்புதல் பெற வேண்டும். டெஸ்லா அதை நெதர்லாந்தின் வாகன ஆணையமான ஆர்டிடபிள்யூவிடம் பெறுகிறது. 2022 ஆகஸ்டில் அந்த ஒப்புதல் ஆவணங்களின் விவரம் வெளியே கசிந்தபோது, கிரூன்ஹைடேயில் செய்யப்படும் ஒரு மாடல் ஒய் வகைக்கு ஒய்7சிஆர் என்ற குறியீடும், 55 கிலோவாட் மணி கொள்ளளவும், செல் செய்தவர் இடத்தில் சீனாவின் பிஒய்டி என்ற பெயரும் இருந்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பிஒய்டியின் மூத்த அதிகாரி லியான் யுபோ சீன அரசுத் தொலைக்காட்சிப் பேட்டியில், தாங்கள் விரைவில் டெஸ்லாவுக்கு பேட்டரி கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் பலர் நம்பவில்லை. 2023-இன் முதல் பாதியில் அந்தக் கார்கள் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. உள்ளே இருந்தவை பிளேடு எனப்படும் நீளத் தகடு வடிவ இரும்பு பாஸ்பேட் செல்கள். புதிய ஆலையில் புதிய செல் வரும் என்ற ஊகம் ஒருவகையில் பலித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த திசையிலிருந்து அது வரவில்லை, அவ்வளவுதான். நிறுவனம் இதற்கென்று ஒரு விழாவும் எடுக்கவில்லை.

சீனாவில் இன்னும் எளிது. அங்கே தொழில் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் புதிய வாகனங்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிடும். அதில் பேட்டரியின் வேதியியலும் செல் செய்தவரின் பெயரும் இருக்கும். ஷாங்காய் ஆலையின் மாடல் 3 இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறப்போவது 2020-இல் அங்கேதான் முதலில் தெரிந்தது, கார் விற்பனைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் முகமையின் தூரச் சான்றிதழ்களையும், வாகன அடையாள எண்ணின் பொருளை விளக்கி நிறுவனங்கள் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதங்களையும் பார்க்கலாம்.

ஆலைக்கான சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்புகளும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், குறிப்பாக ஜெர்மனியில். கிரூன்ஹைடேயில் செல் உற்பத்தியும் சேர்த்து டெஸ்லா 2021-இல் தன் விண்ணப்பத்தைத் திருத்தியது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: அனுமதி கேட்டார்கள் என்பதற்காகச் செய்தே தீர வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் நிறைவேறி, உள்நாட்டில் செய்யும் ஒவ்வொரு கிலோவாட் மணி செல்லுக்கும் 35 டாலர் வரிச் சலுகை கிடைத்ததும், டெஸ்லா தன் செல் உற்பத்தியின் கவனத்தை அமெரிக்காவுக்குத் திருப்பிக்கொண்டது. கிரூன்ஹைடே இருக்கும் பிராண்டன்பர்க் மாநிலத்துக்கென வாங்கிய இயந்திரங்களில் ஒரு பகுதி கடல் கடந்து போனது. எனவே அனுமதிக் கோப்போடு சலுகைச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு எதிர்பாராத விதத்தில் துப்புக் கொடுத்தது. சீன பேட்டரிப் பாகங்கள் கொண்ட கார்களுக்கு வாங்குபவருக்கான 7,500 டாலர் சலுகை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டபோது, சலுகைப் பட்டியலிலிருந்து எந்தக் கார் விழுந்தது என்பதைப் பார்த்தே அதன் செல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடிந்தது. இரும்பு பாஸ்பேட் கொண்ட பின்சக்கர மாடல் 3 அப்படி விழுந்த கார்களில் ஒன்று.

ஆலைக்கு மேலே பறக்கும் டிரோன் காணொளிகள் கட்டிடம் எழும்புவதைக் காட்டும், லாரிகளைக் காட்டும். செல்லுக்குள் இருப்பதைக் காட்டாது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வந்த ஒரு சொல்லை வைத்து வேதியியலைக் கண்டுபிடிப்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. காப்புரிமை விண்ணப்பமும் அப்படித்தான், அது ஒரு நிறுவனம் எதை யோசித்துப் பார்த்தது என்பதற்கு மட்டுமே சான்று.

கார் கைக்கு வந்தபின் உறுதிசெய்வது

முதலில் வாகன அடையாள எண்ணைப் பாருங்கள்; நம்மூரில் சேஸிஸ் நம்பர் என்போமே, அதே 17 இட எண். டெஸ்லாவில் முதல் மூன்று இடங்கள் எக்ஸ்பி7 என்றிருந்தால் ஜெர்மனி, எல்ஆர்டபிள்யூ என்றிருந்தால் ஷாங்காய், 7எஸ்ஏ என்றிருந்தால் அமெரிக்காவில் செய்த மாடல் ஒய் அல்லது எக்ஸ். இந்தியாவில் 2025 ஜூலையில் விற்பனைக்கு வந்த மாடல் ஒய் ஷாங்காயில் செய்தது. 11-ஆவது இடம் ஆலையைச் சொல்லும்: ஏ ஆஸ்டின், பி பெர்லின், சி சீனா, எஃப் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட். அமெரிக்காவில் விற்கும் கார்களில் ஏழாவது இடம் எஃப் என்றிருந்தால் இரும்பு பாஸ்பேட், இ என்றிருந்தால் மற்றவை.

ஆலை தெரிந்துவிட்டது என்பதற்காக செல் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆஸ்டின் ஆலை 4680 கொண்ட மாடல் ஒய் செய்துகொண்டிருந்த அதே காலத்தில் 2170 கொண்ட மாடல் ஒய்யையும் செய்தது. கிரூன்ஹைடேயில் 2170-உம் பிளேடும் ஒரே கூரையின் கீழ் பொருத்தப்பட்டன. ஐரோப்பாவில் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பதிவுச் சான்றில் டி.2 என்ற கட்டம் இருக்கிறது. காரின் வகை, உள்வகை, பதிப்பு என்ற மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். ஒய்7சிஆர் என்று இருந்தால் உள்ளே பிஒய்டியின் பேக் என்று பொருள். விற்பனையாளருக்கே தெரியாத விவரத்தை அந்தச் சிறு கட்டம் சொல்லிவிடும். பயன்படுத்திய காரை வாங்குபவர் விளம்பரத்தை நம்பாமல் இந்தக் கட்டத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பது புத்திசாலித்தனம்.

காரின் திரையிலும் பார்க்கலாம். கட்டுப்பாடுகள், மென்பொருள், கூடுதல் வாகனத் தகவல் என்று போனால், இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள டெஸ்லாவில் உயர் மின்னழுத்த பேட்டரியின் வகை அவ்வாறே எழுதப்பட்டிருக்கும். நிக்கல் வகையாக இருந்தால் அந்த வரியே இருக்காது. ஒன்றும் எழுதப்படவில்லை என்பதை 2170-க்கோ 4680-க்கோ சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இரும்பு பாஸ்பேட் இல்லை என்ற அளவில்தான் அது பயன்படும். சார்ஜ் வரம்பை நகர்த்தும் இடத்தைக் கவனித்தாலும் வேறுபாடு தெரியும். இரும்பு பாஸ்பேட் காரில் வரம்பை 100 சதவீதத்திலேயே வைத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக ஏற்றும்படி கையேடு சொல்கிறது. அந்த வேதியியலின் மின்னழுத்தம், சார்ஜ் நிலையின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், எத்தனை சதவீதம் மிச்சம் என்று கணினியால் துல்லியமாகக் கணிக்க முடியாமல் போகிறது; முழுதாக நிரம்பும்போதுதான் அது தன் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. நிக்கல் செல்லை தினமும் 100 வரை ஏற்றுவது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல.

இன்னும் சந்தேகம் இருந்தால் வேகச் சார்ஜரில் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். பேட்டரி 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, சூடேறிய நிலையில், 250 கிலோவாட் கொடுக்கக்கூடிய சூப்பர்சார்ஜர் என்ற டெஸ்லாவின் வேகச் சார்ஜரில் செருகிவிட்டு, ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும் திரையில் தெரியும் கிலோவாட்டைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். 2170 பேக் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு விரைவாகச் சரியத் தொடங்கும். பிளேடு பேக்கோ அந்த உச்சத்துக்கு ஏறாது. உரிமையாளர்கள் அளந்து சொன்னபடி 170 கிலோவாட்டை ஒட்டிய மட்டத்தில் நின்று, பாதி நிரம்பிய பிறகும் அங்கேயே தாக்குப்பிடிக்கும். மேடையில் ஒருபோதும் ஏறாத, எந்த விளம்பரத்திலும் வராத பேட்டரிதான் நெடுஞ்சாலையில் பலருக்கு அதிகம் பிடித்துப்போனது.

செல்லைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டுப் பேக்கைத் திறக்க முயல வேண்டாம். 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் ஒருபக்கம் இருக்க, ஆஸ்டினின் 4680 பேக்கில் செல்களுக்கிடையே இளஞ்சிவப்பு பாலியூரத்தேன் நுரை ஊற்றிக் கெட்டியாக்கப்பட்டிருந்தது. கார்களைப் பிரித்து ஆராயும் அமெரிக்காவின் மன்ரோ நிறுவனத்தின் பொறியாளர்கள் 2022-இல் அதைப் பிரித்தபோது நுரையைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த வடிவமைப்பில் பேக்கின் மேல்மூடிதான் காரின் தரை, முன் இருக்கைகள் அதன்மேலேயே பொருத்தப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும் கடையில் கழற்றி மாட்டும் சமாச்சாரம் அல்ல அது.

பொறுப்பதா, எடுப்பதா

அடுத்த செல்லுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்பவருக்கு நான் சொல்வது இது. இப்போது விற்கும் காரின் தூரமும் விலையும் சார்ஜ் ஏறும் விதமும் உங்கள் பயன்பாட்டுக்குப் போதுமானால், வதந்திக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஏனென்றால் புதிய ஆலையின் முதல் ஆண்டில் வரும் புதிய செல், பல நேரங்களில் பழையதைவிடப் பின்தங்கியே இருக்கிறது. ஆஸ்டினின் 279 மைல் கார் 2023-க்குள்ளேயே விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்து, அந்த செல்கள் டெஸ்லாவின் சைபர்டிரக் என்ற பிக்கப் வண்டிக்குப் போயின. முதல் தொகுதியில் வாங்கியவர்கள் கையில் வாரிசில்லாத ஒரு வகைக் கார் நின்றது. போதாது என்று தோன்றினால் காத்திருங்கள், ஆனால் ஊகத்துக்காக அல்ல, ஆவணத்துக்காக: வகை ஒப்புதலோ தூரச் சான்றிதழோ வெளிவந்து, அதில் கொள்ளளவும் செல் செய்தவரின் பெயரும் அச்சாகும் வரை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் காருக்கு ஒதுக்கப்பட்ட வாகன அடையாள எண்ணையும், ஐரோப்பாவில் என்றால் அதன் உள்வகைக் குறியீட்டையும், பணத்தை முழுதாகக் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். பேட்டரி உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் படியுங்கள். உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தரும் பேக், கழற்றியதைப் போன்ற அதே செல்லில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.